வாய் திறவாத வீராங்கனைகள்



இன்று ஓர் இரகசியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காலையில் குழாயடியில் ஒருவர் காதில் ஓதிய செய்தி, பால் நிறுக்கும் நேரத்திற்குள் தோட்டம் முழுவதும் பரவிவிடும் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதிலும், பெண்களிடம் இரகசியம் தங்காது என்று ஒரு பழிச்சொல் நம்மிடையே இருக்கிறது. அதற்கு மகாபாரதத்தையே சாட்சிக்கு அழைப்பவர்களும் உண்டு. கர்ணன் தன் மகன் என்பதைக் குந்தி போர் முடியும்வரை மறைத்து வைத்திருந்தாள். உண்மை தெரிந்ததும் தருமர் மனம் நொந்து, இனிப் பெண்களின் மனத்தில் இரகசியம் தங்காமல் போகட்டும் என்று சபித்தாராம். சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் இரகசியத்தை மிக நன்றாகக் காப்பாற்றிவிட்டாள் என்பதற்காகத்தான் அந்தச் சாபமே பிறந்தது!

அந்தச் சாபத்தைப் பொய்யாக்கிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இராடார் நிலையங்களிலும், பகைவரின் மறைமொழியை உடைக்கும் கூடங்களிலும் வேலை செய்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். தாங்கள் என்ன வேலை செய்தோம் என்பதைப் பெற்றோரிடமும் சொல்லவில்லை, பின்னாளில் கணவனிடமும் சொல்லவில்லை. அவர்களுடைய கதையைத்தான் இன்று கேட்கப் போகிறோம்.

1939 செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின் மீது போர் அறிவித்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன இடங்களைப் பெண்கள் நிரப்பினார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் பெண்கள் துணைப்படை இருந்தது. கடற்படையில் சேர்ந்த பெண்களை 'ரென்' என்று அழைத்தார்கள். அந்தப் படையின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளிலிருந்து வந்த சொல் அது. ஆங்கிலத்தில் 'ரென்' என்பது ஒரு சின்னஞ்சிறு குருவிக்கும் பெயர். அந்தக் குருவிகள் செய்த வேலை என்ன என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் விமானப்படைப் பெண்களிடம் போவோம்.

மலையடிவாரத்தில் நின்று 'ஓ' என்று கூவினால் என்ன ஆகிறது? சற்றுப் பொறுத்து அந்த 'ஓ' நம்மிடமே திரும்பி வருகிறது. ஒலி மலையில் மோதித் திரும்ப நேரம் பிடிக்கிறது. மலை தூரத்தில் இருந்தால் அதிக நேரம், பக்கத்தில் இருந்தால் குறைந்த நேரம். ஆகவே, நேரத்தை அளந்தால் தூரத்தைச் சொல்லிவிடலாம். இராடார் வேலை செய்வதும் இப்படித்தான். அது கூவுவது ஒலியால் அல்ல, வானொலி அலையால். வானொலி அலை ஒரு விநாடியில் 3 இலட்சம் கிலோமீட்டர் ஓடும். 150 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு விமானம் பறந்து வந்தால், இங்கிருந்து போன அலை அதில் மோதித் திரும்ப ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்தச் சிறு நேரத்தை அளந்து காட்டுவதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் திரை போல அதில் ஒரு பச்சைக் கோடு ஓடும். விமானம் வந்தால் அந்தக் கோட்டில் ஒரு நெளிவு விழும்.

1935 பிப்ரவரி 26-ஆம் நாள் ராபர்ட் வாட்சன் வாட் என்ற அறிஞரும் அவருடைய துணைவர் ஆர்னால்டு வில்கின்ஸும், வானொலி அலையைக் கொண்டு விமானத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று இங்கிலாந்தின் டேவன்ட்ரி என்ற ஊருக்கு அருகில் சோதித்துக் காட்டினார்கள். நான்கே ஆண்டுகளில், போர் தொடங்குவதற்குள், இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் சுமார் இருபது நிலையங்கள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் 110 மீட்டர் உயரத்திற்கு எஃகுக் கோபுரங்கள் நின்றன. முப்பது தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். ஆறேழு மரங்களை அடுக்கினாலே அந்த உயரம் வந்துவிடும். ஆனால் அந்தக் கோபுரங்கள் எதற்கு என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.

அந்தப் பச்சைக் கோட்டைப் பார்க்க யாரை அமர்த்துவது? மணிக்கணக்கில் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். கோட்டின் நெளிவைக் கண்டு, வருவது ஒரு விமானமா, முப்பது விமானமா என்று மதிப்பிட வேண்டும். பறவைக் கூட்டத்தைப் பார்த்து விமானம் என்று ஏமாறவும் கூடாது. பெண்களால் இது முடியுமா, குண்டு விழுந்தால் அலறி ஓடிவிட மாட்டார்களா என்று ஐயப்பட்டவர்கள் இருந்தார்கள். போட்ஸி என்ற இடத்து ஆய்வு நிலையத்தில், அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்களைத் திரைக்கு முன் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பொறுமையிலும் கூர்மையிலும் அவர்கள் சிறிதும் குறையவில்லை. அதன்பின் விமானப்படைப் பெண்கள் அந்த வேலைக்கு வந்தார்கள்.

திரையைப் பார்த்த பெண், தான் கண்டதைத் தொலைபேசி வழியாக இலண்டனுக்கு அருகிலுள்ள பென்ட்லி பிரையரி என்ற தலைமையகத்திற்குச் சொல்வாள். அங்கே பெரிய மேசை ஒன்றில் நாட்டின் வரைபடம் விரிந்திருக்கும். அதைச் சுற்றிலும் காதில் கேட்கும் கருவி மாட்டிய பெண்கள் நிற்பார்கள். வரும் செய்திக்கேற்ப வண்ண வில்லைகளை வரைபடத்தில் வைப்பார்கள். செய்தி புதிதா பழையதா என்பதை வில்லையின் நிறமே காட்டும். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐந்து நிமிடத்திற்கு ஒரு நிறம் தீட்டியிருப்பார்கள். அந்த நேரத்தின் நிறம் எதுவோ அந்த நிற வில்லைதான் மேசைக்கு வரும். ஒரு கரையில் கேட்ட தகவலும் இன்னொரு கரையில் கேட்ட தகவலும் சில சமயம் மாறுபடும். அவற்றை ஒப்பிட்டு, சரியானதைத் தேர்ந்து, எந்தத் தளத்திலிருந்து போர்விமானங்கள் மேலே ஏற வேண்டும் என்று கட்டளை போகும். இத்தனையும் சில நிமிடங்களுக்குள் நடக்க வேண்டும்.

1940-ஆம் ஆண்டு கோடையில் ஜெர்மானிய விமானங்கள் நாள்தோறும் இங்கிலாந்தைத் தாக்கின. பிரிட்டனிடம் இருந்த போர்விமானங்கள் குறைவு. பகைவர் எங்கே வருகிறார் என்று தெரியாமல் வானில் சுற்றிக்கொண்டே இருந்தால் எண்ணெயும் தீரும், விமானியும் களைத்துப் போவான். இராடார் இருந்ததால், வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்திற்கு மட்டும் விமானங்களை அனுப்ப முடிந்தது. பிரிட்டன் அந்த ஆண்டு தப்பிப் பிழைத்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஜெர்மானியரும் சும்மா இருக்கவில்லை. கோபுரங்களையே குறிவைத்தார்கள். 1940 ஆகஸ்டு 18-ஆம் நாள், தென்கரையில் உள்ள போலிங் நிலையத்தின் மீது குண்டுகள் மழையாகப் பொழிந்தன. அங்கே ஏவிஸ் ஹெர்ன் என்ற பெண் தொலைபேசிப் பலகையின் முன் தனியாக இருந்தார். பதுங்கு குழிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனால் மற்ற நிலையங்களிலிருந்து செய்திகள் வந்தபடியே இருந்தன. அவற்றைத் தலைமையகத்திற்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. அவர் எழுந்து போகவில்லை. கட்டடம் அதிர, கண்ணாடிகள் நொறுங்க, தொலைபேசிக் கம்பி அறும்வரை செய்தி சொல்லிக்கொண்டே இருந்தார். வீரத்திற்கான இராணுவப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அலறி ஓடிவிடுவார்கள் என்று ஐயப்பட்டவர்களுக்கு அதுவே விடை.

இத்தனை துணிவுக்கும் ஊதியம் எவ்வளவு தெரியுமா? விமானப்படையில் அதே நிலையில் இருந்த ஆணின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் பெண்களுக்குக் கொடுத்தார்கள். குண்டு மட்டும் ஆண், பெண் என்று பார்த்துப் பங்கு குறைத்து விழவில்லை.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். கேரட் தின்றால் இருட்டிலும் கண் தெரியும் என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்கிறோம் அல்லவா? போர்க்காலத்தில் இராடார் கருவியை விமானத்திற்குள்ளேயே பொருத்தி, இரவிலும் பகைவரின் விமானத்தைத் தேடிச் சென்று வீழ்த்தினார்கள். அந்தக் கருவியை மறைப்பதற்காக, எங்கள் விமானிகள் நிறையக் கேரட் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் இரவில் கண் நன்றாகத் தெரிகிறது என்று பத்திரிகைகளில் பரப்பினார்கள். கேரட் கண்ணுக்கு நல்லதுதான். ஆனால் அந்த இரவுகளில் விமானத்தைக் கண்டது கேரட்டு அல்ல, இராடார்.

இனி மறைமொழிக்கு வருவோம்.

பிள்ளைகள் 'க' பாஷை பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வோர் எழுத்துக்கு முன்பும் ஒரு 'க' சேர்த்து, 'மரம்' என்பதைக் 'கமகரகம்' என்பார்கள். பெரியவர்களுக்குப் புரியக்கூடாதாம்! நம் இலக்கணத்தில் குழூஉக்குறி என்று ஒன்று உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று சொல்வது அதற்கு எடுத்துக்காட்டு. ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் புரியும்படி பேசிக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. அரசியலில் ஒற்றாடல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். போர்க்காலத்தில் படைகள் வானொலி வழியாகவே செய்தி அனுப்புகின்றன. வானொலி அலையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பகைவனும் கேட்கலாம். ஆகவே செய்தியை மறைமொழியில் அனுப்புகிறார்கள்.

ஜெர்மானியர் அதற்கு எனிக்மா என்ற இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். பார்ப்பதற்குத் தட்டெழுத்துப் பொறி போல இருக்கும். ஓர் எழுத்தைத் தட்டினால் வேறோர் எழுத்துக்குரிய விளக்கு எரியும். உள்ளே மூன்று சக்கரங்கள். ஒவ்வொரு முறை தட்டும்போதும் சக்கரம் ஒரு பல் நகரும். அதனால் அதே எழுத்தை மறுபடி தட்டினால், இந்த முறை வேறொரு விளக்கு எரியும். 'க' பாஷையில் வழி ஒன்றைக் கண்டுபிடித்தால் முடிந்தது. இதில் எழுத்துக்கு எழுத்து வழி மாறுகிறது. எந்தெந்தச் சக்கரம், எந்த வரிசை, எந்தத் தொடக்கம், முன்பக்கத்தில் எந்தக் கம்பியை எங்கே செருகுவது என்று கணக்கிட்டால், 159 என்று எழுதி அதன் பின்னால் 18 சுழியம் போட்டால் எத்தனையோ அத்தனை அமைப்புகள் வரும். இந்த அமைப்பை நாள்தோறும் மாற்றினார்கள். இன்று கண்டுபிடித்தது நாளைக்கு உதவாது.

இதை முதலில் உடைத்தவர்கள் போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள். மரியான் ரெயெவ்ஸ்கி என்பவர் 1932-இலேயே வழி கண்டார். போர் மூளும் தறுவாயில், 1939 ஜூலையில், தாங்கள் கண்டதையெல்லாம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போலந்துக்காரர்கள் கொடுத்து உதவினார்கள். அந்த அடித்தளத்தின் மேல்தான் மற்றக் கட்டடம் எழுந்தது.

அந்தக் கட்டடம் எழுந்த இடம் பிளெச்லி பார்க். இலண்டனுக்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு மாளிகை. அதைச் சுற்றி மரக் கொட்டகைகள் போட்டு வேலை தொடங்கினார்கள். 1945 தொடக்கத்தில் அங்கும் அதன் கிளைகளிலும் ஏறத்தாழ 9,000 பேர் வேலை செய்தார்கள். நான்கில் மூவர் பெண்கள்.

வேலை சங்கிலி போல நடந்தது. முதல் கண்ணி, காது. இங்கிலாந்தின் பல இடங்களில் பெண்கள் காதில் கேட்கும் கருவி மாட்டிக்கொண்டு, பகைவர் அனுப்பும் மோர்ஸ் ஒலிகளை இரவும் பகலும் கேட்டு எழுதினார்கள். பொருளில்லாத எழுத்துகள் பக்கம் பக்கமாக வரும். இரைச்சலுக்கு நடுவே ஓர் எழுத்தைத் தவறாகக் கேட்டுவிட்டால், பிறகு அந்தச் செய்தியை உடைக்கவே முடியாமல் போகலாம். தாங்கள் எழுதியதன் பொருள் என்ன, அது எங்கே போகிறது என்பது அவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை தெரியாது.

அடுத்த கண்ணி, மூளை. எனிக்மாவில் ஓர் ஓட்டை இருந்தது. எந்த எழுத்தும் தானாகவே திரும்பி வராது. 'ஏ' என்று தட்டினால் 'ஏ' தவிர வேறு எந்த எழுத்தும் வரலாம். இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் அதுவே பெரிய கைப்பிடி ஆயிற்று. ஜெர்மானியர் நாள்தோறும் வானிலை அறிக்கை அனுப்புவார்கள். அதில் 'வானிலை' என்ற சொல் எங்காவது இருக்கும் என்று ஊகிக்கலாம். அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதி, மறைமொழியின் கீழே வைத்து நகர்த்திப் பார்ப்பார்கள். மேலும் கீழும் ஒரே எழுத்து நேருக்கு நேர் வந்துவிட்டால் அந்த இடம் இல்லை என்று தள்ளிவிடலாம். இப்படித் தள்ளித் தள்ளித்தான் சரியான இடத்தை நெருங்குவார்கள்.

மேவிஸ் லீவர் என்ற பெண்ணின் கதையைக் கேளுங்கள். கல்லூரியில் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருந்தவர். 1940-இல், 19 வயதில், பிளெச்லி பார்க்குக்கு வந்தார். இத்தாலியக் கடற்படையின் செய்திகளை ஆராய்வது அவர் வேலை. ஒருநாள் ஒரு நீண்ட செய்தியைப் பார்த்தார். ஏதோ வித்தியாசமாக இருந்தது. அதில் 'எல்' என்ற எழுத்து ஓர் இடத்தில்கூட இல்லை. அத்தனை நீளமான செய்தியில் ஓர் எழுத்து மட்டும் வராமல் போகுமா? மேவிஸ் சிந்தித்தார். எழுத்து தானாகத் திரும்பி வராது என்றால், அனுப்பியவன் 'எல்' எழுத்தை மட்டுமே தட்டியிருக்க வேண்டும்! சோதனைக்காக ஏதாவது ஒன்றை அனுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சோம்பேறியோ ஒரே எழுத்தில் விரலை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த ஒரு செய்தியைக் கொண்டே, உள்ளே இருந்த ஒரு சக்கரத்தின் கம்பி அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லோரும் இருப்பதைப் பார்ப்பார்கள். அந்தப் பெண் இல்லாததைப் பார்த்தார்.

1941 மார்ச்சில் அதே மேவிஸ் இன்னொரு சிறு செய்தியை உடைத்தார். இன்றிலிருந்து மூன்றாம் நாள் ஏதோ நடக்கப் போகிறது என்பது அதன் பொருள். அவரும் உடனிருந்தவர்களும் மூன்று நாட்கள் அல்லும் பகலும் உழைத்து, இத்தாலியக் கப்பல்கள் எத்தனை, எங்கே வருகின்றன என்பதைக் கண்டறிந்தார்கள். செய்தி எகிப்தில் இருந்த கடற்படைத் தலைவர் கன்னிங்ஹாமுக்குப் போயிற்று. அவர் செய்த தந்திரத்தைப் பாருங்கள். முதலில் ஒரு வேவு விமானத்தை அனுப்பினார். இத்தாலியர் அதைப் பார்த்து, விமானத்தால்தான் தாங்கள் அகப்பட்டோம் என்று எண்ண வேண்டும் அல்லவா? மாலையில் கோல்ஃப் மட்டைகளோடு கரைக்கு வந்து, ஓய்வெடுக்கப் போகிறவரைப் போலக் காட்டிக்கொண்டார். இருட்டியதும் கப்பலேறிவிட்டார். மார்ச் 28, 29-ஆம் நாட்களில் கிரேக்க நாட்டின் தெற்கே மட்டபான் முனையருகே நடந்த போரில் இத்தாலியரின் மூன்று பெரிய போர்க்கப்பல்களும் இரண்டு நாசகாரிக் கப்பல்களும் மூழ்கின. இத்தாலிய மாலுமிகள் 2,300 பேருக்கு மேல் மாண்டனர். வெற்றிதான். ஆனால் மாண்டவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தாம். ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு செய்த வேலை, கடலில் இத்தனை உயிர்களைத் தொட்டது.

மூன்றாவது கண்ணி, கை. இங்கேதான் நம் குருவிகள் வருகிறார்கள். ஊகித்த சொல்லுக்கு எந்தச் சக்கர அமைப்பு பொருந்தும் என்று தேட, 'பாம்ப்' என்ற ஓர் இயந்திரம் செய்தார்கள். ஆலன் டியூரிங் என்ற கணித மேதை அதை வகுத்தார். கோர்டன் வெல்ச்மன் மேம்படுத்தினார். முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்தது. போர் முடிவதற்குள் இருநூறுக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொன்றும் ஓர் அலமாரியைவிடப் பெரியது, ஒரு டன் எடை. அதன் முகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வட்டுகள் சுழலும். அவற்றை இயக்கியவர்கள் ரென் பெண்கள், 1,600 பேருக்கு மேல். எட்டு மணி நேரம் ஒரு முறை. நள்ளிரவில் தொடங்கிக் காலை எட்டு மணிக்கு முடியும் முறையும் உண்டு. நின்றுகொண்டேதான் வேலை. இரைச்சல், எண்ணெய் நாற்றம், சன்னல் இல்லாத அறை. வட்டுகளின் பின்னால் மயிரிழை போன்ற கம்பித் தூரிகைகள் இருக்கும். இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் கணக்கு கெட்டுவிடும். ஆகவே ஒரு சிறு இடுக்கியால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார்கள். இயந்திரம் திடீரென்று நிற்கும். அதில் காட்டும் எழுத்துகளைக் குறித்துக்கொண்டு தொலைபேசியில் சொல்வார்கள். சில நேரம் சரியாக இருக்கும், பல நேரம் இருக்காது. மீண்டும் ஓட்டுவார்கள்.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாகப் பால்மரம் சீவிய நம் தாய்மார்களுக்கு இந்த வேலையின் தன்மை எளிதில் விளங்கும். ஒரு நாள் ஒரு மரத்தில் கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் கேடு. மேலாகப் போனால் பால் வராது. ஆயிரம் முறை செய்தாலும் ஆயிரத்தோராவது முறையும் அதே கவனம் வேண்டும். பெருமை பேசப்படாத கவனம் அது.

ஜோன் கிளார்க் என்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து முதல் வகுப்பில் தேறியவர். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் 1948 வரை பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கவில்லை. பிளெச்லி பார்க்கில் அவரை முதலில் எழுத்தர் வேலைக்குத்தான் எடுத்தார்கள். சில நாட்களிலேயே அவருடைய திறமை தெரிந்து, டியூரிங் இருந்த அறையில் அவருக்கு ஒரு மேசை போட்டார்கள். அட்லாண்டிக் கடலில் உணவும் எண்ணெயும் ஏற்றி வந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம் அது. நீர்மூழ்கி எங்கே காத்திருக்கிறது என்று தெரிந்தால் கப்பல்களை வேறு வழியில் திருப்பலாம். அந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஜோன் முன்னணியில் நின்றார். 1942 பிப்ரவரியில் ஜெர்மானியர் நீர்மூழ்கிகளுக்கு நான்காவது சக்கரம் ஒன்றைச் சேர்த்தார்கள். உடனே எல்லாம் இருண்டது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் மறுபடி வழி பிறந்தது. இடைப்பட்ட பத்து மாதங்களில் எத்தனையோ கப்பல்கள் கடலுக்கடியில் போயின.

அந்த ஜோனுக்குச் சம்பளம் உயர்த்த விரும்பினார்கள். ஆனால் பெண் கணித அறிஞருக்கு என்று ஒரு பதவிப் படி அரசாங்க ஏட்டில் இல்லை. ஆகவே மொழிபெயர்ப்பாளர்களுக்கு உரிய படியில் அவரை ஏற்றினார்கள். ஒரு படிவத்தில், பதவி: மொழி வல்லுநர், தெரிந்த மொழிகள்: எதுவும் இல்லை என்று நிரப்பியதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. 1944-இல் அவர் அந்தப் பிரிவின் துணைத் தலைவரானார்.

நேயர்களே, இது எங்கோ இங்கிலாந்தில் மட்டும் நடந்த கதை என்று எண்ண வேண்டாம். நம் பக்கத்திலும் இதன் ஒரு கிளை இருந்தது. 1939-இல் ஹாங்காங்கிலிருந்து பிரிட்டிஷ் கடற்படையின் மறைமொழிப் பிரிவு ஒன்று சிங்கப்பூருக்கு மாறியது. ஜப்பானியக் கடற்படையின் செய்திகளை ஒட்டுக் கேட்பது அதன் வேலை. சிங்கப்பூரின் கிராஞ்சியில் அதற்கான வானொலி நிலையம் இருந்தது. 1941-இல் இங்கிலாந்திலிருந்து ஒரு ரென் பெண்கள் குழு அங்கு வந்து சேர்ந்தது. அதன் தலைவி பெட்டி ஆர்ச்டேல். 1934-இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற இங்கிலாந்துப் பெண்கள் கிரிக்கெட் அணியின் தலைவியாக இருந்தவர் அவர். போர் மலாயாவுக்கு வந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இந்தப் பெண்களும் மற்றவர்களும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு பள்ளிக் கட்டடத்தில் வேலையைத் தொடர்ந்தார்கள். இலங்கையை ஜப்பானியர் தாக்கப் போவதை அந்தப் பிரிவு முன்கூட்டியே கண்டு சொன்னது. 1942 ஏப்ரல் 5-இல் தாக்குதல் நடந்தது. அதன்பின் மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவில் கென்யாவின் மொம்பாசா நகருக்குப் போனார்கள். 1943-இல் மீண்டும் கொழும்புக்கு வந்தார்கள். இடம் மாறியது, காதில் மாட்டிய கருவி மட்டும் மாறவில்லை.

இந்தப் பணிக்குப் புறப்பட்ட எல்லோரும் கரை சேர்ந்துவிடவும் இல்லை. 1941 ஆகஸ்டில் ஜிப்ரால்டருக்குப் போன 'அகிலா' என்ற கப்பலை நீர்மூழ்கி தாக்கியது. அதில் இருந்த 21 ரென் பெண்களும், உடன் சென்ற தாதி ஒருவரும் கடலில் மறைந்தார்கள். மறைமொழி வேலைக்கும் வானொலி வேலைக்கும் தாமாகவே முன்வந்து பெயர் கொடுத்தவர்கள் அவர்கள்.

1945-இல் போர் முடிந்தது. மற்ற வீரர்கள் பதக்கம் அணிந்து ஊர்வலம் போனார்கள். இந்தப் பெண்களுக்கு ஒரு கட்டளைதான் கிடைத்தது: யாரிடமும் சொல்லாதே. இயந்திரங்களைக் கழற்றிப் போட்டார்கள். எத்தனையோ இரவுகள் அவற்றின் முன் நின்ற பெண்களே திருகாணி திருகாணியாகக் கழற்றினார்கள். தாள்களை எரித்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே இரகசியக் காப்புச் சட்டத்தின்கீழ் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மீறினால் சிறை.

வீட்டுக்குத் திரும்பியவர்களைப் பார்த்துப் பெற்றோர் கேட்டிருப்பார்கள், போரில் நீ என்ன செய்தாய் என்று. எழுத்தர் வேலை என்றோ, கடற்படை அலுவலகத்தில் இருந்தேன் என்றோ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். மகள் நாட்டுக்கு என்ன செய்தாள் என்று தெரியாமலேயே எத்தனையோ தந்தையர் கண்மூடினார்கள். கணவன், மனைவி இருவருமே அங்கு வேலை செய்தும், பல ஆண்டுகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் வாழ்ந்தவர்களும் உண்டு. 1974-இல் முன்னாள் அதிகாரி ஒருவர் நூல் எழுதி வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கு உண்மை தெரியத் தொடங்கியது. பொன்முட்டை இட்டும் கொக்கரிக்காத வாத்துகள் என்று பிரதமர் சர்ச்சில் இவர்களைப் பாராட்டியதாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் அரசு இவர்களுக்கு நினைவுச் சின்னம் வழங்க முன்வந்தது 2009-இல். போர் முடிந்து 64 ஆண்டுகள்! அதற்குள் பலர் மறைந்துவிட்டார்கள். பிளெச்லி பார்க் இப்போது ஓர் அருங்காட்சியகம். அன்று கழற்றிப் போட்ட இயந்திரத்தைப் போலவே ஒன்றை மறுபடி செய்திருக்கிறார்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து, ஒரு தோட்டப் பள்ளியில் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாய்க்கணக்கு கேட்டால், நான் கேள்வியை முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். ஒருநாள் கரும்பலகையில் நான் எழுதிய எண் வரிசையில் ஓர் எண் விடுபட்டிருந்தது. வகுப்பில் வேறு யாரும் கவனிக்கவில்லை. ஏன், நானே கவனிக்கவில்லை. அவள் கை தூக்கி, "சார், நடுவில் ஒன்று இல்லை" என்றாள். அடுத்த ஆண்டு அவள் பள்ளிக்கு வரவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நான் லயத்துக்குப் போய்க் கேட்டேன். "பொட்டப் புள்ளைக்குக் கணக்கு எதுக்குங்க சார், நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவதானே" என்றார் அவள் தாயார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்ற அவளைப் பார்த்தேன். அதற்குமேல் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்று இன்னும் சற்று நேரம் அந்த வாசலில் நின்று பேசியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

செய்தியில் 'எல்' எழுத்து இல்லை என்று கண்ட மேவிஸின் கதையைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சிறுமிதான். இரண்டு பேருக்கும் கண் ஒன்றுதான். ஒருத்திக்கு ஒரு மேசையும் பென்சிலும் கிடைத்தன.

தாய்மார்களே, தகப்பன்மார்களே, உங்கள் வீட்டிலும் அப்படிப்பட்ட கண்ணுடைய ஒரு பெண் குழந்தை இருக்கலாம். அவள் பேசாமல் இருப்பதால் அவளுக்குள் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இன்றிரவு சமையல் வேலை முடிந்ததும், அவளுடைய கணக்குப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி ஒரு பக்கம் பாருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வதைக் கேளுங்கள். அதுவே போதும்.